டீச்சரம்மா வீட்டுக்கு வந்த இருவர்: முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

நான் கும்பகோணத்தில் வீடுவீடாகப் போய்ச் சிகிச்சை கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறேழு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் நான் இருப்பது முக்கால் மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பெரியவர் யார் கையில் இருக்கிறாரோ, என் சிகிச்சையும் அவர் கையில்தான் இருக்கிறது. அதனால் "நல்ல ஆளா ஒருத்தர் கிடைப்பாங்களா மேடம்?" என்று யாராவது கேட்டால், அதைச் சாதாரண விசாரிப்பாக என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

இங்கே எழுதுவது ஒரே ஒரு வீட்டைப் பற்றி. 2023 மார்கழியில் தொடங்கி 2024 ஆகஸ்ட் வரை வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போனேன். அந்தக் காலத்தில் இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். முதலாமவர் நான்கு வாரத்துக்குள் போய்விட்டார். இரண்டாமவர் இன்னும் இருக்கிறார். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விழுந்த கதை

டீச்சரம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ப் பதினொரு வருடம். மகள் சென்னையில், மகன் ஷார்ஜாவில். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று நீளமாகப் போகும் பழைய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. இடது காது கேட்காது. மற்றபடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டவர்.

மார்கழி விடியற்காலையில் கோலம் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஈர முற்றத்தில் சறுக்கி விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. தஞ்சாவூரில் அறுவை செய்து இடுப்பு மூட்டில் பாதியை மாற்றினார்கள். ஏழாம் நாள் வாக்கரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த அறுவைக்குப் பிறகு சில காலம் கட்டுப்பாடுகள் உண்டு. இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. மணையிலோ தாழ்வான ஸ்டூலிலோ உட்காரக் கூடாது. குந்தி உட்காரும் கழிப்பறை கூடவே கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைக்க வேண்டும். மீறினால் புது மூட்டு நழுவிவிடலாம். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுத்தேன். மறுமுறை போனபோது அந்தத் தாளில் ஐந்து இடத்தில் சிவப்புப் பேனா. நான் விட்டிருந்த ஒற்றெழுத்துகளையெல்லாம் போட்டு வைத்திருந்தார். வலியில் முகம் சுருங்கிக் கிடந்தவர், "வைத்தியம் நல்லா இருக்கும்மா, சந்திதான் இல்லை" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்த முடிவு

டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்த பிறகுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே மகள் ஒரு ஏஜென்சிக்குப் போன் செய்தார். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அறுவை முடிந்த அன்றே தேடத் தொடங்கியிருந்தால் ஐந்தாறு நாள் கிடைத்திருக்கும். அவர் கேட்டது இது: "இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கிற மாதிரி ஒரு நர்ஸ் வேணும்." அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு இருந்தது. அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

வாட்ஸப்பில் ஆதார் படம் வந்தது. மாதம் 28,000 ரூபாய், ஒரு மாதத் தொகை முன்பணம். மறுநாள் வெள்ளைக் கோட்டுப் போட்ட இருபத்துநாலு வயதுப் பெண் வந்து இறங்கினார். "ஜி.என்.எம். முடிச்சிருக்கேன்" என்றார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

ஜி.என்.எம். மூன்று வருட நர்சிங் படிப்பு. ஏ.என்.எம். இரண்டு வருடம். முடித்தவர்கள் மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கியிருப்பார்கள். அந்த எண்ணைக் கேட்க ஒரு நிமிடம் போதும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பெண் படித்தது ஆறு மாதப் பயிற்சி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதப் பயிற்சி மட்டம் என்று சொல்ல மாட்டேன். அதை முடித்துவிட்டுப் பெற்ற பிள்ளையைவிட நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். வாசற்படி ஏறும்போதே ஒரு பொய்யோடு ஏறினார் என்பதுதான் விஷயம்.

அதைவிட முக்கியம், டீச்சரம்மாவுக்கு நர்ஸே தேவையில்லை. ஊசி கிடையாது. மூத்திரக் குழாய் கிடையாது. மூக்குவழிக் குழாய் கிடையாது. தையல் பிரித்ததோடு டிரெஸ்ஸிங்கும் முடிந்தது. அவருக்கு வேண்டியிருந்தது ராத்திரி எழுப்பிக் கமோடு நாற்காலியில் உட்கார வைக்க ஒரு கை, குளிப்பாட்ட ஒரு கை, நேரத்துக்குச் சாப்பாடும் மாத்திரையும், வாக்கர் பிடித்து நடக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள், கேட்கிற காதுப் பக்கம் உட்கார்ந்து பேச ஒரு வாய். நர்ஸ் என்று கேட்டோம், நர்ஸ் என்ற பெயரில் ஒருவரை அனுப்பினார்கள். கமோடு கழுவுவது தன் வேலையில்லை என்று அவர் மூன்றாம் நாளே சொல்லிவிட்டார். அதற்குத் தனியாக ஓர் ஆள் தேட வேண்டியதாயிற்று.

ஒன்பது நாளும் 120/80

முதல் இரண்டு வாரம் குறை சொல்லும்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. அந்தப் பெண் மரியாதையாகப் பேசினார். மூன்றாம் வாரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

காலை பத்து மணிக்குப் போனால் டீச்சரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் நாக்குக் குழறியது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. புதிய பயிற்சிகளை எழுதி நான் வைத்துவிட்டுப் போன தாள் மேசைமேல் அப்படியே கிடந்தது. அதில் மூன்று பிழையாவது இருந்திருக்கும். ஒரு திருத்தம்கூட இல்லை. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வலது மேற்கையின் உள்பக்கத்தில் நான்கு நீலத் தடங்கள் இருந்தன. வரிசையாக, மொச்சைக்கொட்டை அளவில். விரல் பதிந்த தடம். அடித்ததில் வந்தது அல்ல, கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் வருவது. "பாட்டி எங்கேயோ இடிச்சுக்கிட்டாங்க மேடம்" என்றார் அந்தப் பெண். டீச்சரம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடது குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். சிவந்திருந்தது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் மறுபடி சிவக்க வேண்டும். இது அழுத்தியும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் படி அதுதான். நாளெல்லாம் அசையாமல் ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறார்.

அப்புறம் அந்த நோட்டு. தினமும் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருந்தோம். புரட்டிப் பார்த்தேன். 120/80, 120/80, 120/80. ஒன்பது நாளும் அதே எண், அதே மை, அதே சாய்வு. யார் உடம்பிலும் பிரஷர் அப்படி ஆணியடித்த மாதிரி நிற்காது. அந்த வாரம்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர் அந்தத் தெருவுக்கு வந்திருந்தார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் கொடுப்பார்கள். அவர் எழுதிவைத்துவிட்டுப் போனது 158/92. அதே தேதியில் நோட்டில் 120/80.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை வந்து இறங்கியவர் முதல் வேலையாகக் குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். டாக்டர் எழுதாத மாத்திரையின் காலி அட்டைகள் இரண்டு கிடந்தன. தூக்க மாத்திரையோ என்று பயந்தோம். இல்லை, மருந்துக்கடையில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரை. இளவயதில் கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். எழுபத்தொன்பது வயதில் அது புத்தியைக் குழப்பும், வாயைக் காய வைக்கும், மலச்சிக்கல் தரும், சிறுநீரை அடைக்கும், மறுபடி விழ வைக்கும். தினமும் ராத்திரி ஒன்று, சில நாள் இரண்டு கொடுத்திருக்கிறார்.

இவ்வளவுக்கும் கூடத்தில் கேமரா இருந்தது. மகன் ஷார்ஜாவிலிருந்தே பார்ப்பதற்காக வைத்தது. பதிவைப் போட்டுப் பார்த்தால் ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொடுப்பது தெளிவாகத் தெரிகிறது. மாத்திரை கொடுக்க வைத்த ஆள் மாத்திரை கொடுக்கிறார். பார்க்கிறவருக்கு அதில் என்ன சந்தேகம் வரும்?

மாத்திரையை நிறுத்திய நான்காம் நாள் டீச்சரம்மா தெளிந்தார். "ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று மகள் அழுதார். டீச்சரம்மா சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சொன்னா அவ போயிடுவா. அப்புறம் ராத்திரி என்னை யாரு தூக்குவா?"

யார் மேல் தப்பு

அந்தப் பெண் செய்தது பெரிய தப்பு. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் போவதற்கு முன் ரேழியில் தன் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. "ராத்திரி நாலு தடவை எழுப்பறாங்க. பகல்லயும் தூங்க முடியலை. வந்ததுலேர்ந்து ஒரு நாள்கூட லீவு இல்லை மேடம்." வீட்டுக்காரர்கள் கொடுத்த 28,000 ரூபாயில் அவர் கைக்குப் போனது 15,000. இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்க யாராலும் முடியாது. அப்படி ஓர் ஆளைக் கேட்டது நாங்கள். முடியாததைக் கேட்டால் முடிகிற மாதிரி நடிக்கிற ஆள்தான் கிடைப்பார். நோட்டில் இருந்த 120/80 அந்த நடிப்பின் ஒரு பகுதி.

ஏஜென்சி "வேற ஆள் அனுப்பறோம்" என்றது. முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. முதியவர்களுக்கான தேசிய உதவி எண் 14567 இருக்கிறது, கொடுமையும் புறக்கணிப்பும் நடந்தால் அதில் சொல்லலாம் என்று மகளிடம் சொன்னேன். டீச்சரம்மா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அதை இப்போது நினைத்தால் உறுத்துகிறது. அந்தப் பெண் அடுத்த வாரமே வேறொரு வீட்டுக்கு, வேறொரு பாட்டியிடம் அனுப்பப்பட்டிருப்பார். அவருக்கு அந்த மாத்திரையின் ஆபத்தை யாரும் உட்கார வைத்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாளை எழுதிப் பார்த்தோம்

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. மகள் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தங்கினார். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் ஐந்து மணிவரை அந்த வீட்டில் என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதினோம். எழுதும்போதே பல விஷயம் தெளிவாயிற்று. சமையலுக்குப் பழைய ஆளே போதும். பிரச்சினை முழுக்க ராத்திரியில்தான் இருந்தது.

ஏன் நான்கு தடவை எழுந்திருக்கிறார் என்று பார்த்தோம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் மருந்தும் சேர்ந்திருந்தது. அதை அவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டிருந்தார்! டாக்டரிடம் கேட்டதும் காலை நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். ராத்திரி ஏழு மணிக்கு மேல் மோர், கஷாயம் எல்லாவற்றையும் குறைத்தோம். கமோடு நாற்காலியைக் கட்டிலை ஒட்டிப் போட்டு, தரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வைத்தோம். ஒரு வாரத்தில் நான்கு தடவை என்பது ஒன்று, இரண்டு ஆயிற்று. ஆள் தேடுவதற்கு முன்னாலேயே வேலையின் பாரம் பாதியாகக் குறைந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் முதல் பெண்கூட அந்த மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதன் பிறகுதான் என்ன மாதிரி ஆள் வேண்டும் என்று சொல்ல முடிந்தது. நர்ஸ் வேண்டாம். வீட்டிலேயே தங்க வேண்டும், வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒருவர். பகலில் இரண்டு மணி நேரம் கட்டாய ஓய்வு.

அந்த அக்கா

சர்க்கரை டாக்டரின் கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் ஒருவர் மூலமாகத் தகவல் வந்தது. பாபநாசம் பக்கத்துக் கிராமம், நாற்பத்தாறு வயது, எட்டாம் வகுப்பு வரை படித்தவர். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரை மூன்று வருடம், அவர் காலமாகும் வரை பார்த்துக்கொண்டவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனில் பேசினால் போதும் என்று மகன் சொன்னார். மகள் நேரில் போனார். போனில் எல்லோரும் "நல்லவங்கதான்" என்று முடித்துவிடுவார்கள். கூடத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கும் நேரம் பேசினால் வேறு விஷயங்கள் வரும். அந்த வீட்டு மருமகள் எல்லாம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் இதையும் சொன்னார்: "ஒரு தடவை மாமாவுக்கு ராத்திரி மாத்திரையைக் காலையில கொடுத்துட்டாங்க. அவங்களே ஓடி வந்து சொல்லிட்டாங்க. சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

மகள் பயந்துபோய்த் திரும்பி வந்தார். "மாத்திரை மாத்திக் கொடுத்திருக்காங்க மேடம், வேண்டாம்." எனக்கு அதைவிட நல்ல சிபாரிசு கிடைக்கும் என்று தோன்றவில்லை. வருஷக்கணக்கில் தினம் பத்து மாத்திரை கொடுக்கிற எந்தக் கையும் ஒரு தடவை தவறும். என் கையும் தவறியிருக்கிறது. அந்த வீட்டிலிருந்து மகள் கொண்டுவந்த செய்தி, இவர் தப்பு நடந்தால் சொல்லுவார் என்பது. முதலில் வந்த பெண்ணிடம் எங்களுக்குக் கிடைக்காமல் போனது அது ஒன்றுதான். சான்றிதழ், வயது, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான் என்று மகளிடம் சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

அக்கா வந்த அன்று நான் அதிகம் கேள்வி கேட்கவில்லை. "டீச்சரம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வையுங்கள்" என்றேன். முதலில் கொல்லைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். "எந்தக் கால்ல ஆபரேஷன்?" என்று கேட்டார். கட்டிலின் இந்தப் பக்கம் நின்று பேசினார், பதில் இல்லை. உடனே சுற்றிக்கொண்டு வலது காதுப் பக்கம் போய், முகத்துக்கு நேராகக் குனிந்து, "டீச்சர், உங்களை உட்கார வைக்கப் போறேன், சரியா?" என்றார். டீச்சரம்மா தலையாட்டும்வரை தொடவில்லை. செருப்பைக் காலில் மாட்டி, வாக்கரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் ஒரு கையை இடுப்புப் பக்கமும் கொடுத்து, டீச்சரம்மாவே ஊன்றி எழட்டும் என்று காத்திருந்தார். நாற்காலி கொஞ்சம் தாழ்வாக இருந்தது. உட்கார வைப்பதற்கு முன் தலையணை ஒன்றை எடுத்துப் போட்டார். நான் சொல்லிக்கொடுக்காதது அது.

இரண்டு விஷயம் மட்டும் கேட்டேன். சர்க்கரை குறைந்தால்? "வேர்க்கும், கை நடுங்கும். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுப்பேன். நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்த மாட்டேன், 108-க்குப் போன் பண்ணுவேன்." கீழே விழுந்துவிட்டால்? "நான் தூக்க மாட்டேன் மேடம். தலைக்கு ஏதாவது வெச்சுட்டு உங்களைக் கூப்பிடுவேன்." விழுந்தவரை உடனே அள்ளித் தூக்குவதுதான் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எலும்பு முறிந்திருந்தால் அதுவே கேட்டை அதிகமாக்கும்.

பிறகு அவர் கேட்டார். சம்பளம் எந்தத் தேதி, எங்கே படுப்பது, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம், டீச்சருக்குக் கோபம் வந்தால் அடிப்பார்களா என்று. கடைசிக் கேள்வி மகளுக்குச் சுருக்கென்றது. போன வீட்டிலோ அதற்கு முந்தைய வீட்டிலோ யாரோ அடித்திருக்கிறார்கள். அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் துருவவில்லை.

எல்லாம் முடிந்தபின் டீச்சரம்மா எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசினார். யாரோடு இருக்கப் போகிறார் என்பதை அவரைக் கேட்காமலேதான் முதல் தடவை முடிவு செய்திருந்தோம். கதவைத் திறந்ததும் சொன்னார்: "பேப்பர் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. பரவாயில்லை, நான் சொல்லிக் கொடுத்துக்கறேன்."

பேசி வைத்துக்கொண்டவை

மகன் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்றார். நியாயம்தான். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம், வீட்டு வேலைக்கு வைக்கிறவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர் சம்மதத்தோடு, அசல் ஆதாரைப் பார்த்துச் செய்தார்கள். காவல்துறைப் பதிவில் வழக்கு இருக்கிறதா என்பதை அது சொல்லும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் எப்படித் தூக்குவார் என்பதைச் சொல்லாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளே காரில் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டுவிட்டு, கணவரையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்தார்.

நகைகளை அவர் வருவதற்கு முன்பே வங்கி லாக்கரில் வைத்தாயிற்று. கையில் இருந்த இரண்டு வளையலைக் கழற்ற டீச்சரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவற்றை அக்காவின் முன்னாலேயே போட்டோ எடுத்து வைத்தார்கள். அக்காவே, "பீரோ சாவியை எங்கிட்டக் கொடுக்காதீங்க அக்கா" என்று மகளிடம் சொன்னார். பூட்டிவைப்பதைச் சந்தேகம் என்று நினைத்துப் பலர் கூச்சப்படுகிறார்கள். ஏதாவது ஒன்று காணாமல் போகும் நாளில் முதல் பழி யார் மேல் விழும் என்பது வேலைக்கு வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

சம்பளம் 20,000, நேராக அவர் கணக்கில், ஐந்தாம் தேதி. சாப்பாடு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை வருகிறவருக்கு 800 ரூபாய். இரண்டும் சேர்த்தாலும் ஏஜென்சிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. கடன் வேண்டுமானால் டீச்சரம்மாவிடம் கேட்கக் கூடாது, மகளிடம்தான் கேட்க வேண்டும். விலகுவதானால் இரண்டு தரப்பும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் தமிழ்நாட்டில் தனி நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்துகொள்ளவும் மகள் உதவினார். முதல் பத்து நாள் மகள் கூடவே இருந்தார். கேமராவைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். படுக்கையறையில் வைக்க மகன் நினைத்தபோது டீச்சரம்மா கேட்டார்: "என்னைப் பார்க்கறதுக்கா, அவளைப் பார்க்கறதுக்கா?" பேச்சு அதோடு நின்றது.

ஏகாதசி

மே மாதத்தில் ஒரு நாள், காலை 8.20-க்கு அக்காவிடமிருந்து போன். "மேடம், டீச்சருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. சர்க்கரை 58. மூணு ஸ்பூன் கரைச்சுக் கொடுத்தேன். கால் மணி கழிச்சுப் பார்த்தேன், 84 இருக்கு. என் தப்பு மேடம். சாப்பாட்டுக்கு முன்னாடியே மாத்திரையைக் கொடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா இன்னிக்கு ஏகாதசி, சாப்பிட மாட்டேன்னுட்டாங்க."

டீச்சரம்மா போட்டுக்கொண்டிருந்த வகை மாத்திரை, வயிற்றில் எதுவும் இல்லாவிட்டால் சர்க்கரையை மணிக்கணக்கில் இறக்கிக்கொண்டே இருக்கக்கூடியது. அதனால் 84 வந்துவிட்டது என்று விட்டுவிட முடியாது. டாக்டரிடம் பேசினோம். ஏதாவது சாப்பிட வைத்துவிட்டு ஒவ்வொரு மணிக்கும் பார்க்கச் சொன்னார். விரதத்தை முறிக்க டீச்சரம்மா அரை மணி நேரம் பிடிவாதம் பிடித்தார், கடைசியில் இரண்டு இட்லி சாப்பிட்டார். சாயங்காலம்வரை இறங்கவில்லை. அதன் பிறகு டாக்டர் அந்த மாத்திரையின் அளவையே குறைத்தார்.

மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து மகன் போனில் கத்தினார். அக்காவை உடனே அனுப்பிவிட வேண்டும் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. தாயை இழந்துவிடும் பயத்தைத் தூரத்தில் இருந்துகொண்டு வேறு எப்படிக் காட்டுவார்? ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டார் என்ன செய்கிறார்களோ, அதை வைத்துத்தான் அடுத்த தப்பு எங்கள் காதுக்கு வருமா, குப்பைக் கூடைக்குப் போகுமா என்பது முடிவாகும் என்று எனக்குப் பட்டது. மகளிடம் அதைச் சொன்னேன். மகள் தம்பியிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. சாயங்காலம் மகன் அக்காவையே கூப்பிட்டு, "சொன்னதுக்கு நன்றிக்கா" என்றார். டீச்சரம்மாவும் தன் பங்கை ஒப்புக்கொண்டார்: "விரதம்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும்." அன்றிலிருந்து தட்டில் முதல் இட்லி தொட்ட பிறகுதான் மாத்திரை.

மறுநாள் நோட்டைப் பார்த்தேன். அக்காவின் கோணல் எழுத்தில் நேரம், 58, 84, அப்புறம் ஒரு வரி: "மாத்திரை முன்னாடி குடுத்துட்டேன் என் தப்பு." டீச்சரம்மா சிவப்புப் பேனாவால் "குடுத்துட்டேன்" என்பதை அடித்து "கொடுத்துவிட்டேன்" என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்திருந்தார். "என் தப்பு" என்பதன் மேல் மட்டும் கோடு இழுத்துவிட்டு, "நம் தப்பு" என்று திருத்தியிருந்தார்.

ஆகஸ்டு நிலவரம்

என் பங்குச் சிகிச்சை ஆகஸ்டில் முடிந்தது. டீச்சரம்மா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். சாயங்காலத்தில் திண்ணைவரை நடக்கிறார். குதிகால் தோல் நன்றாக இருக்கிறது. நோட்டில் பிரஷர் 132/78, 146/84, 138/80 என்று ஏறி இறங்குகிறது. ஜூனில் அக்கா பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார். மகள் கொடுத்து, மாதம் இரண்டாயிரமாகப் பிடித்துக்கொள்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. அக்காவுக்குக் குரல் பெரிது, டீச்சரம்மாவுக்கு அது பிடிப்பதில்லை. சமையல் ஆளுக்கும் அவருக்கும் மாதம் ஒரு சண்டை. வருகிற தையில் அக்காவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், இருபது நாள் விடுப்பு வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார். அதற்காக ஞாயிற்றுக்கிழமை வரும் பெண் இப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரியே வந்து தங்கிப் பழகுகிறார். அவருக்காக அக்கா நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறார்: எந்தக் காதில் பேச வேண்டும், மாத்திரை எப்போது, ஏகாதசி என்றால் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நான் கடைசியாகப் போன அன்று டீச்சரம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.